கட்டுரை திருத்தலில் வரைபடங்கள்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வகுப்பில் 60 பேர். ஆளுக்கு ஒரு கட்டுரை. ஆசிரியர் ராத்திரி கண்விழித்துத் திருத்துகிறார், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார், மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். கட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. படிக்கும்போது அவர் கண்ணில் எவ்வளவோ பட்டிருக்கும். பாதிப் பேர் ஆதாரமே தராமல் எழுதியிருப்பார்கள், சிலருக்குத் தொடக்கம் நன்றாக அமைந்து நடுவில் வழிதவறியிருக்கும், ஒருவர் மட்டும் அசத்தியிருப்பார். பதிவேட்டில் மிஞ்சுவதோ 20க்கு 13 என்ற ஓர் எண். அந்த 13 எங்கே கிடைத்தது, மீதி 7 எங்கே போனது என்பது அடுத்த வாரமே யாருக்கும் நினைவிருக்காது.

அந்த விவரத்தைத் தொலையவிடாமல் எண்ணாகக் குறித்துவைத்து, படமாக்கி, அதிலிருந்து பாடத்துக்கான முடிவை எடுப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. கற்றல் பகுப்பாய்வு என்று இந்தத் துறைக்குப் பெயர். மாணவர்கள் கற்கும் விதத்தைப் பற்றிய தரவைத் திரட்டி, அலசி, கற்றலை மேம்படுத்தப் பயன்படுத்துவது அதன் நோக்கம். இதற்கான முதல் சர்வதேச மாநாடு 2011இல் கனடாவின் பான்ஃப் நகரில் நடந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. நமக்குக் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் மதிப்பெண் போடாது. எந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்று காட்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு கட்டத்தில் உங்களை மறுபடி தாளிடமே அனுப்பிவைக்கும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனை வகுப்பை வைத்துக்கொள்வோம். இளங்கலை முதலாம் ஆண்டு, சுற்றுச்சூழல் பாடம், 60 மாணவர்கள். தலைப்பு: ‘உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றின் இன்றைய நிலை’. சுமார் 800 சொற்கள், தமிழில். கீழே இந்த வகுப்பைப் பற்றி வரும் எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

படி 1: முதலில் கேள்வி

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தாளில் கேள்வியை எழுதிவிடுங்கள். கேள்வி இல்லாமல் படம் போட்டால் அழகான படம் கிடைக்கும், பயன் இருக்காது. கட்டுரை மதிப்பீட்டில் கேட்கத் தகுந்த கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்: வகுப்பு எந்த இடத்தில் தடுமாறுகிறது? நான் எழுதிய குறிப்பைப் பார்த்து மாணவர் திருத்திக்கொண்டாரா? என் திருத்தல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டுப் பாருங்கள், மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சொல்லித்தரும்.

படி 2: அளவுகோல்

மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்து எந்தப் படமும் உருப்படியாக வராது. கட்டுரையைச் சில கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் தரும் அளவுகோல் வேண்டும். ரூப்ரிக் என்று சொல்வார்களே, அதுதான். நம் வகுப்புக்கு ஐந்து கூறுகள்: மையக் கருத்து, சான்று, வாத ஒழுங்கு, மொழி, மேற்கோள் முறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. ஆக மொத்தம் 20.

நிலைகள் நான்காக இருப்பது நல்லது. ஐந்து வைத்தால், சந்தேகம் வரும்போதெல்லாம் கை தானாக 3க்குப் போகும். நான்கு இருந்தால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

நிலைகளுக்கு ‘நன்று’, ‘சுமார்’ என்று பெயர் வைத்துவிட்டு நிறுத்தக் கூடாது. கண்ணால் பார்த்து ஆமா இல்லையா என்று சொல்லக்கூடிய வரியாக எழுத வேண்டும். சான்று என்ற கூறுக்கு இப்படி எழுதலாம்:

1: சான்று இல்லை. ‘எல்லோருக்கும் தெரியும்’ என்ற வகைக் கூற்றுகள் மட்டும்.
2: தகவலோ எண்ணோ இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.
3: எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார், ஆனால் அது வாதத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.
4: மூலமும் இருக்கிறது, அந்தச் சான்று எதை நிறுவுகிறது என்பதையும் மாணவரே விளக்குகிறார்.

‘எங்கள் கண்மாய் ஆக்கிரமிப்பால் சுருங்கிவிட்டது’ என்பது 1. ‘120 ஏக்கர் இருந்த கண்மாய் இப்போது 70 ஏக்கர்’ என்பது 2. அதே வரியில் ‘கிராம நிர்வாக அலுவலகப் பதிவேட்டின்படி’ என்று வந்தால் 3. ‘அதனால்தான் மடை திறந்தும் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை’ என்று அடுத்த வரி அதைக் கையில் எடுத்துக்கொண்டால் 4. இவ்வளவு துல்லியமாக எழுதிவிட்டால் திருத்தும் வேகமும் கூடும், நாளைக்கு இன்னொருவர் திருத்தினாலும் ஏறக்குறைய அதே எண் வரும்.

படி 3: ஷீட்ஸில் மதிப்பெண் தாளை அமைப்பது

ஒரு மாணவரின் ஒரு வரைவுக்கு ஒரு வரிசை. இதுதான் விதி. முதல் வரைவும் இரண்டாம் வரைவும் இருந்தால் ஒரே மாணவருக்கு இரண்டு வரிசை வரும். வரைவு 1, வரைவு 2 என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போனால் பின்னால் படம் போடும்போது திண்டாட வேண்டியிருக்கும்.

நெடுவரிசைகளின் தலைப்புகள்: குறியீட்டு எண், வரைவு எண், ஐந்து கூறுகளின் மதிப்பெண், திருத்தியவர், திருத்திய வரிசை, குறிப்பு வகை. பெயர் வேண்டாம். குறியீட்டு எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் வேறு கோப்பில் இருக்கட்டும். காரணம் படி 9இல் வரும்.

‘திருத்திய வரிசை’ என்பது அந்தத் தாளை நீங்கள் எத்தனையாவதாகத் திருத்தினீர்கள் என்பது. 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, படி 7இல் இதுதான் கைகொடுக்கும்.

‘குறிப்பு வகை’ என்பது ஓரத்தில் நீங்கள் எழுதிய முக்கியக் குறிப்புக்கு ஒரு சுருக்கம்: ‘மூலம் இல்லை’, ‘பத்தி பிரிக்கவும்’, ‘முடிவு பொருந்தவில்லை’ என்பது போல. பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதாதவருக்கு 0 போடாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். 0 போட்டால் சராசரி சரிந்துவிடும். வராத மாணவரின் பிரச்சினை வேறு, எழுதத் தெரியாத மாணவரின் பிரச்சினை வேறு.

மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளைப் பயன்படுத்தும் கல்லூரிகளில் அளவுகோலை அதற்குள்ளேயே அமைத்துத் திருத்தலாம். எங்கே திருத்தினாலும், கூறுவாரியான எண் கடைசியில் உங்கள் மதிப்பெண் தாளுக்கு வந்துசேர வேண்டும். வெறும் மொத்தம் வந்தால் பிரயோஜனமில்லை.

படி 4: முதல் படம், கூறுவாரியான பரவல்

எல்லோரும் முதலில் சராசரியைத்தான் போடுவார்கள். அதை விட்டுவிட்டு நேரே பரவலுக்குப் போங்கள். புள்ளியியலாளர் ஃபிராங்க் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, சிதறல், ஒட்டுறவு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. படமாக வரைந்தால் நான்கும் நான்கு திசையில் நிற்கும். எண்ணைச் சுருக்கும்போது எவ்வளவு மறைந்துபோகிறது என்பதற்கு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் காட்டப்படும் சான்று அது.

நம் வகுப்பிலேயே பார்ப்போம். மையக் கருத்துக்கு 1 வாங்கியவர் 3 பேர், 2 வாங்கியவர் 27, 3 வாங்கியவர் 27, 4 வாங்கியவர் 3. வாத ஒழுங்கில் 1 வாங்கியவர் 24 பேர், 2க்கு 6, 3க்கு 6, 4க்கு 24. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் சராசரி 2.5. ஆனால் மையக் கருத்தில் வகுப்பு முழுவதும் நடுவில் நிற்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் எடுத்தால் போதும். வாத ஒழுங்கிலோ வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பொதுப் பாடம் எடுத்தால் ஒரு பாதிக்குச் சலிப்பு, மறு பாதிக்கு அது போதாது. அங்கே 4 வாங்கிய ஒருவரையும் 1 வாங்கிய ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்து ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் எழுதச் சொல்வது பலன் தரும்.

செய்முறை: புதிய தாளில் இடப்பக்கம் ஐந்து கூறுகள், மேலே 1, 2, 3, 4. கவுண்ட்இஃப் சூத்திரத்தால் எண்ணிக்கையை நிரப்புங்கள். அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அடுக்குப் பட்டை வரைபடம் கேளுங்கள். படுக்கைவாக்கில் ஐந்து பட்டைகள் வரும், ஒவ்வொன்றிலும் நான்கு துண்டுகள்.

நிறம் ஒரே நிறமாக இருக்கட்டும், 1க்கு வெளிறியது, 4க்கு அடர்ந்தது. சிவப்பு, பச்சை வேண்டாம். ஆண்களில் கணிசமானோருக்கு அந்த இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. தவிர, சிவப்பைப் பார்த்தவுடனே மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் தீர்ப்புக்கு அவசரமில்லை.

படி 5: வண்ணக் கட்டம், இங்கேதான் நிறைய நேரம் செலவாக வேண்டும்

ஹீட்மேப் என்று சொல்லும் வண்ணக் கட்டம்தான் இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள படம் என்பது என் கருத்து. செய்வதும் எளிது. மதிப்பெண் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் வண்ண அளவுகோலைக் கொடுத்தால் எண்ணுக்கு ஏற்ப நிறம் ஏறிவிடும். 60 வரிசை, 5 நெடுவரிசை, 300 கட்டம், எல்லாம் ஒரே திரையில்.

அப்படியே விட்டால் சிதறிய புள்ளிகளாகத் தெரியும். மொத்த மதிப்பெண்ணை வைத்து மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். அடர்நிறம் மேலே, வெளிறிய நிறம் கீழே என்று ஒழுங்குக்கு வந்துவிடும். இனி அந்த ஒழுங்கோடு சேராத கட்டங்கள் எவை என்று தேடுங்கள். அடர்ந்த வரிசைக்கு நடுவே ஒற்றையாக வெளிறிய கட்டம், அல்லது கீழே வெளிறிய வரிசையில் திடீரென்று ஓர் அடர்ந்த கட்டம். அந்தத் தாள்களைக் கட்டிலிருந்து உருவி எடுத்துத் தனியே வையுங்கள். பெரும்பாலும் எட்டுப் பத்துத் தாளுக்கு மேல் வராது.

இரண்டு தாளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மொழிக்கு 4, மையக் கருத்துக்கு 4, சான்றுக்கு 1. படத்தில் இரண்டு வரிசையும் அச்சு அசலாக ஒன்றே.

முதல் தாளைத் திரும்பப் படிக்கிறோம். தெப்பக்குளத்தைப் பற்றிய சரளமான நடை. ‘ஒரு காலத்தில் ஊருக்கே உயிர்நாடியாக இருந்தது’, ‘இன்று குப்பைமேடாகிவிட்டது’ என்று ஒவ்வொரு வரியும் உறுதியாகப் பேசுகிறது. எதற்கும் ஆதாரமில்லை. இவருக்கு மேடைப்பேச்சுப் பழக்கம் இருக்கலாம். ஒரு கூற்றைச் சொன்னால் அதைக் காட்டவும் வேண்டும் என்பதை இவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாம் தாளில் இப்படி ஒரு பத்தி: ‘முன்பெல்லாம் ஐப்பசியில் கலுங்கு வழிந்தால் தை வரை தண்ணீர் நிற்கும். மடை திறப்பதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது, யார் வயலுக்கு முதலில், எத்தனை நாழிகை என்பதெல்லாம் பேசிவைத்தபடி நடக்கும்.’ கல்லூரி முதலாமாண்டு மாணவருக்கு இது தானாகத் தெரிந்திருக்க வழியில்லை. யாரையோ கேட்டிருக்கிறார், அனேகமாக மடை காத்த ஒரு பெரியவரை. அருமையான நேரடிச் சான்று. யார் சொன்னது என்று எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்திலிருந்து எடுத்தால்தான் சான்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அளவுகோலைக் கறாராகப் பார்த்தால் இந்தத் தாளுக்கு 2 போட்டிருக்க வேண்டும், அதை இப்போது சரிசெய்யலாம். அதைவிடப் பெரிய விஷயம், சான்று நெடுவரிசையில் வெளிறிக் கிடக்கும் மற்ற தாள்களில் இப்படி எத்தனை இருக்கும் என்ற கேள்வி. சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள். பலர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், அடுத்த வகுப்பில் எடுக்க வேண்டிய பாடம் ‘ஆதாரம் தேடுவது எப்படி’ என்பது அல்ல. கேட்ட பேச்சை ஆதாரமாகக் குறிப்பிடுவது எப்படி என்பதுதான்: பேசியவர் யார், ஊரில் அவருக்கு என்ன வேலை, எங்கே, எந்தத் தேதியில் பேசினோம், அவர் அனுமதி வாங்கினோமா.

படம் இரண்டு தாளையும் ஒன்றாகக் காட்டியது. வித்தியாசம் தாளில் இருந்தது. ஆனால் படம் இல்லாவிட்டால் அறுபதில் இந்த இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவே மாட்டோம்.

படி 6: வரைவு 1லிருந்து வரைவு 2

ஒரு கூறுக்கு ஒரு படம். இடப்பக்கம் வரைவு 1, வலப்பக்கம் வரைவு 2. ஒவ்வொரு மாணவரும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. ஷீட்ஸில் சாதாரணக் கோட்டு வரைபடமே போதும். 60 கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதால் குறிப்பு வகைவாரியாகப் பிரித்துப் போடுங்கள். ‘மூலம் இல்லை’ என்ற குறிப்பு வாங்கியவர்களுக்குச் சான்றுக் கூறில் கோடு ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் குறிப்பு போய்ச்சேரவில்லை. ‘மூலம் இல்லை’ என்பதற்குப் பதில் ‘இந்த 120 ஏக்கர் கணக்கை எங்கே பார்த்தீர்கள்? அதை இங்கே எழுதுங்கள்’ என்று எழுதியிருந்தால் போய்ச்சேர்ந்திருக்கலாம்.

இங்கே ரூத் பட்லர் என்ற உளவியலாளர் இஸ்ரேல் பள்ளிகளில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வை நினைவில் வையுங்கள். வெறும் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அதிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே வரைவு 1க்குக் குறிப்பு மட்டும் கொடுங்கள். மதிப்பெண் உங்கள் மதிப்பெண் தாளில் மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடுத்த முறை கொஞ்சம் ஏறுவதும், உச்சியில் இருந்தவர்கள் கொஞ்சம் இறங்குவதும் யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் நடக்கும். பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது இது. 1லிருந்து 2க்கு வந்த கோடுகளை வைத்து மட்டும் நம் குறிப்பு வேலை செய்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2லிருந்தும் 3லிருந்தும் கிளம்பிய கோடுகள் எங்கே போயின என்றும் பாருங்கள்.

படி 7: உங்கள் திருத்தலையே படமாகப் பாருங்கள்

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர், ஒரே ஆங்கிலத் தேர்வுத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. அதே தாள், அதே எழுத்து. அளவுகோல் எழுதுவதே இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். குறைந்ததா என்று பார்ப்பதற்கு இரண்டு படங்கள் உண்டு.

ஒன்று, திருத்திய வரிசை. கீழே கிடைமட்டத்தில் திருத்திய வரிசை, செங்குத்தில் மொத்த மதிப்பெண், சிதறல் வரைபடம், அதில் ஒரு போக்குக் கோடு. கோடு படுத்துக் கிடந்தால் நிம்மதி. சாய்ந்தால் யோசிக்க வேண்டும். முதல் 15 தாளுக்குச் சராசரி 13 வந்து, கடைசி 15 தாளுக்கு 10.5 வந்தால், அந்த 15 பேர் மோசமாக எழுதினார்களா, திருத்தும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டதா?

படம் இதற்குப் பதில் சொல்லாது. பல கல்லூரிகளில் வருகைப்பதிவு எண் பெயரின் அகரவரிசையிலோ சேர்க்கை வரிசையிலோ இருக்கும். கட்டும் அந்த வரிசையிலேயே திருத்தப்படும். அப்படியானால் ஒவ்வொரு தேர்விலும் அதே மாணவர்கள் அசந்த கண்ணிடம் மாட்டுகிறார்கள். கட்டைக் கலைத்துப்போட்டுத் திருத்துங்கள். சாய்வு தெரிந்தால் கடைசி 15இல் சிலவற்றைக் காலையில் எடுத்து, பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். எண் மாறினால் அந்தப் பதினைந்தையுமே மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு, இன்னொருவர் கண். பத்துத் தாளைச் சக ஆசிரியரிடம் கொடுங்கள். உங்கள் எண் அவருக்குத் தெரியக் கூடாது. வாங்கியபின் ஒரு கூறுக்கு 4க்கு 4 கட்டம் ஒன்று வரையுங்கள். வரிசை உங்கள் எண், நெடுவரிசை அவர் எண். இருவரும் ஒத்துப்போன தாள்கள் மூலைவிட்டத்தில் விழும். ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் பரவாயில்லை. இரண்டு கட்டம் தள்ளி விழுந்த தாளை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அனேகமாக அளவுகோலின் ஒரு சொல்லை இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

தாள்கள் அதிகமென்றால் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த காப்பா என்ற அளவையும் கணக்கிடலாம். இருவரும் பெரும்பாலான தாளுக்கு 3 போடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால் தற்செயலாகவே நிறைய ஒத்துப்போகும். காப்பா அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுச் சொல்லும். பத்துத் தாளுக்கு அந்தக் கட்டமே போதும்.

படி 8: கணினி தானே அளப்பவை, அதிலும் தமிழில்

இதுவரை பார்த்தவை நீங்கள் படித்துப் போட்ட எண்கள். கட்டுரையைக் கணினியிடமே கொடுத்து அளக்கச் சொல்லும் ஆசையும் வரும். எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்கர் 1966இலேயே கட்டுரையைக் கணினி திருத்தும் காலம் நெருங்கிவிட்டது என்று எழுதினார். 1999இலிருந்து மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளை மனிதரோடு சேர்ந்து ஒரு நிரலும் மதிப்பிட்டது. பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுத்துக்கலை கற்பித்த லெஸ் பெரல்மன், மாணவர்களோடு சேர்ந்து அர்த்தமே இல்லாத கட்டுரைகளை உற்பத்தி செய்யும் ஒரு நிரலை எழுதி, அவற்றுக்கும் இத்தகைய இயந்திரங்கள் உயர்ந்த மதிப்பெண் தருவதைக் காட்டினார். நீளமும் அரிய சொல்லும் எதை அளக்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழில் இன்னும் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்று ஒரு கட்டத்தில் எழுதி, ஷீட்ஸிடம் நீளம் கேளுங்கள். 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யுனிகோட் குறிகளை அது எண்ணுகிறது.

சொல் எண்ணிக்கையும் அப்படித்தான். ‘வந்துகொண்டிருந்தார்’ என்று சேர்த்து எழுதினால் 1, ‘வந்து கொண்டு இருந்தார்’ என்று பிரித்தால் 3. சேர்த்து எழுதும் மாணவருக்கு 800 சொல் எட்டுவது கடினம், பிரித்து எழுதுபவருக்கு எளிது. ஆகவே சொல் எண்ணிக்கைக்குக் கறாரான எல்லை வைத்து மதிப்பெண் குறைக்காதீர்கள்.

சொல்வளத்தை அளக்க, மொத்தச் சொற்களில் வேறுபட்ட சொற்கள் எத்தனை என்று பார்க்கும் ஓர் அளவு உண்டு. ஏரி, ஏரியில், ஏரியின், ஏரிக்கு, ஏரியை என்று ஒரே சொல் ஐந்து வேற்றுமையில் வந்தால் கணினிக்கு அவை ஐந்து வேறு சொற்கள். வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்காமல் இந்த அளவைத் தமிழில் பயன்படுத்துவதில் பொருளில்லை. ஆங்கில அசைகளை வைத்து 1948இல் ஃபிளெஷ் உருவாக்கிய எளிமைக் குறியீட்டையும் தமிழ்க் கட்டுரைக்குப் போடாதீர்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கணினிக்கு அது தமிழே அல்ல.

அப்புறம் எதைத்தான் அளக்கலாம்? பத்திகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பத்தியின் நீளம், குறிப்பிடப்பட்ட மூலங்களின் எண்ணிக்கை. பத்தி நீளத்தைச் சிறு பட்டைகளாக வரைந்தால், முதல் பத்தி அரைப் பக்கமும் முடிவு ஒரே வரியுமாக இருக்கும் கட்டுரைகள் உடனே கண்ணில் படும்.

கூகுள் டாக்ஸில் பதிப்பு வரலாறு இருக்கிறது. யார் எந்த நாளில் எவ்வளவு எழுதினார் என்று அதிலிருந்து காலக்கோடு போடலாம். நாலு நாளாகச் சிறுகச் சிறுக வளர்ந்த கட்டுரையும், ஒரே நேரத்தில் மொத்தமாக ஒட்டப்பட்ட கட்டுரையும் தனித்தனியாகத் தெரியும். இதைப் பார்த்தவுடன் காப்பி என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயமாகிவிடும். நோட்டில் எழுதிவிட்டு அண்ணன் போனை வாங்கி ஒரே மூச்சில் ஏற்றிய மாணவர் இருப்பார். கடையில் கொடுத்து டைப் செய்தவர் இருப்பார். சந்தேகமா, கூப்பிட்டு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தரும் கருவிகளின் சதவீதத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொன்னன. நம் மாணவர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளும் அந்த இனத்தில்தான் சேரும்.

படி 9: மாணவரிடம் எதைக் காட்டுவது

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற பெயரில் பாடத்தில் எப்படிப் போகிறார்கள் என்று மாணவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டியது. அதனால் படிப்பை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2013இல் விமர்சகர்கள் கணக்கில் உள்ள ஓட்டையைக் காட்டினார்கள். படிப்பில் நீடித்தவர்கள்தான் விளக்கு வைத்த பாடங்களை அதிகம் எடுத்திருக்க முடியும், எனவே எது காரணம் எது விளைவு என்று சொல்ல முடியாது. நம் வகுப்புப் படங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

மாணவருக்கு அவருடைய வரிசையை மட்டும் காட்டுங்கள்: ஐந்து கூறுகள், வரைவு 1, வரைவு 2, ஒவ்வொன்றுக்கும் அடுத்த நிலைக்குப் போக என்ன வேண்டும் என்ற அளவுகோல் வரி. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது வேண்டாம். 60இல் 52ஆவது என்று தெரிந்துகொண்டு ஒருவர் அடுத்த கட்டுரையில் என்ன செய்ய முடியும்?

முழு வண்ணக் கட்டத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். பெயரில்லாவிட்டாலும், வரிசையைப் பார்த்து யார் யாரென்று மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர்கள் குழந்தைகள். பள்ளியில் இதைச் செய்தால் அந்தத் தரவுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. கோப்பைப் பகிரும்போது ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பை முதலில் அணையுங்கள்.

படி 10: முடிவை எழுதி, கோப்பை எடுத்துவைப்பது

ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள். என்ன தெரிந்தது, அதனால் அடுத்த வகுப்பில் எதை மாற்றப்போகிறேன். இரண்டாவது வரிக்கு எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தப் படத்தை அடுத்த முறை போட வேண்டியதில்லை.

முதல் செமஸ்டரில் பத்துப் படியும் வேண்டாம். அளவுகோல், மதிப்பெண் தாள், வண்ணக் கட்டம், திருத்திய வரிசைப் படம் இந்த நான்கும் போதும். தாளை ஒழுங்காக அமைத்திருந்தால் மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

செமஸ்டர் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் கோப்பை அழித்துவிட்டு, குறியீட்டு எண்ணோடு உள்ள மதிப்பெண் தாள், அளவுகோல், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையின் நகல் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். மாதிரிக் கட்டுரைக்கு மாணவரின் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு திருத்த உட்காருமுன் அந்த நான்கையும் ஒருமுறை படித்தால் கை பழைய அளவுக்கு வந்துவிடும். அளவுகோலில் ஒரு சொல்லை மாற்றினாலும் மேலே பதிப்பு எண்ணை மாற்றுங்கள். இரண்டு பதிப்பில் போட்ட எண்களை ஒரே படத்தில் சேர்க்காதீர்கள்.